இடப்பக்கம் திரும்பத் தெரியாதவன்

கடற்கரையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று என் மனைவி வாலாம்பாள் கேட்டாள். பெரிதாக ஒன்றும் இல்லைதான். ஆலங்குளம் பக்கத்து வானம் பார்த்த பூமியில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன். பதினாறு வயதில் சைக்கிளில் ஏறி முப்பத்துநாலு வயது வரை ஊர் ஊராகப் போய் வட்டம் சுற்றியவன். பெயர்தான் கடற்கரை. கடலை அவன் பார்த்தது திருச்செந்தூரில் மொட்டை போட்ட அன்று ஒரு தடவை. இவனுக்கெல்லாம் வாழ்க்கைக் குறிப்பு எழுத ஆரம்பித்தால் நாட்டில் காகிதம் பற்றாது. ஆனால் முப்பது வருஷம் காட்டிலாகா ஆபீஸ்களில் கிளார்க்காக உட்கார்ந்து பிறத்தியார் சொன்னதையே எழுதியவன் நான். ஒன்றையாவது நானாக எழுதிவிட்டுப் போகிறேன்.

சைக்கிள் விடுகிறவன் என்றால் எழுபதுகளில் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊர்ப் பொட்டலின் நடுவில் ஒரு கம்பம் நட்டு, கலர் பேப்பர் ஒட்டி, ஒலிபெருக்கி கட்டுவார்கள். அந்தக் கம்பத்தைச் சுற்றி ஒருவன் ஏழு நாள், ராவும் பகலும், காலைத் தரையில் ஊன்றாமல் சைக்கிள் விடுவான். அதன் மேலேயே பல் தேய்ப்பான், குளிப்பான், தலை சீவிப் பவுடர் போடுவான், சோறு தின்பான். ஏழாம் நாள் பஞ்சாயத்துத் தலைவர் வந்து மாலை போட்டு இறக்கிவிடுவார். இதைப் பார்க்கக் குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு வந்த ஜனங்கள் நம் ஜனங்கள். ஏழு நாள் உழைத்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்து அதற்குக் கைதட்டலும் வாங்கியவர்கள் இரண்டே பேர். ஒன்று இந்தச் சைக்கிள்காரர்கள், இன்னொன்று எங்கள் இலாகா.

இதில் ஒரு முறை உண்டு. கம்பத்தடியில் ஒரு பிள்ளையார் படத்தை வைத்துச் சூடம் காட்டித்தான் ஆரம்பிப்பார்கள். அதனால் சைக்கிள்காரன் சாமியைச் சுற்றுகிற மாதிரி வலமாகத்தான் சுற்ற வேண்டும். இடமாகச் சுற்றுவது சாவு வீட்டில். ஒருமுறை திருவேங்கடம் என்ற ஊரில் ஒரு குடிகாரன் "மாத்திச் சுத்துலே பார்ப்போம்" என்று கத்தியதற்கு அவனை நாலு பேர் சேர்ந்து அடித்தார்களாம். இதைக் கடற்கரையே பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

நான் அவனை முதலில் பார்த்தது தென்காசியில், எழுபத்தாறில். சிவப்பு பனியன், கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் வாடிய மாலை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ. வாயைத் திறந்தபடியே சுற்றிக்கொண்டிருந்தான். கம்பத்துக்குக் கீழே பேச்சித்தாய், அவன் பெண்டாட்டி, ஒரு கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அடுப்பில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். மனுஷன் செய்கிற வேலையா இது என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு எரிச்சல் தீரவில்லை.

எண்பதில் அவன் என் மேஜைக்கு முன்னாலேயே வந்து நின்றான். அவனை வரவழைத்தது எங்கள் பெரிய ஆபீசரின் ஞானம்.

குற்றாலத்து மலையடியில், ஐந்தருவிக்குப் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கல்லடிக்குளம் என்று ஒரு பெரிய குளம் எங்கள் ரேஞ்சில் இருந்தது. ஒரு பக்கம் கரை. மற்ற மூன்று பக்கமும் காப்புக்காடு. குளத்தைச் சுற்றி நாலு மைலுக்கு ஓர் ஒற்றையடிப் பாதை. யாரும் போட்ட பாதை இல்லை, மாடுகளும் விறகுக்குப் போகிற பெண்களும் மிதித்து உண்டான தடம். ஒருவர் வந்தால் எதிரே வருகிறவர் செடிக்குள் ஒதுங்க வேண்டும். காட்டைக் காப்பாற்ற டெல்லியில் புதுச் சட்டம் வந்திருந்த நேரம். பெரிய ஆபீசர் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் காட்டுக்குள் சைக்கிளில் போகிறவன் படத்தைப் பார்த்துவிட்டார். உடனே உத்தரவு: கல்லடிக்குளம் காப்புக்காட்டில் வாச்சர் இனிச் சைக்கிளில் ரோந்து போக வேண்டும். ஒரு சைக்கிளும் வந்தது. இருந்த வாச்சர்கள் அதைச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"இது நம்மளைத் தூக்காது அண்ணாச்சி, நாமதான் இதைத் தூக்கணும்" என்றான் மூத்த வாச்சர். அவர்களில் ஒருவனும் தொடவில்லை. எனவே சைக்கிளுக்காகவே ஒரு டெம்பரவரி வாச்சர் போஸ்ட் உண்டானது. ஆளுக்கு ஒரு சைக்கிள் கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். சைக்கிளுக்கு ஓர் ஆள் கொடுத்தது எங்கள் இலாகாதான்.

கடற்கரை ஒரு பிளாஸ்டிக் உறையில் பதினோரு பஞ்சாயத்துத் தலைவர்களின் சர்டிபிகேட்டோடு வந்தான். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: இவர் எங்கள் ஊரில் ஏழு நாள் காலூன்றாமல் சைக்கிள் ஓட்டினார். எங்கள் ரேஞ்சர் பால்வண்ணநாதன் அதை ஒவ்வொன்றாகப் படித்தார். அவருக்கு வேறு வேலையும் இல்லை.

"குளத்தைச் சுத்திட்டு வா, பார்ப்போம்" என்றார். என்னிடம், "நீங்க முன்னாலயே போயி நடுக்காட்டுல உக்காருங்க. காலை ஊன்றுதானான்னு பாருங்க" என்றார். வேவு பார்க்கிற வேலையும் கிளார்க்குக்குத்தான்.

நான் ஒரு மணி நேரம் நடந்து போய் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். சாரல் பெய்து பாதை முழுவதும் ஈரச் சருகு. நான் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு செங்குத்து இறக்கம், குறுக்கே வேர்கள், வலப்பக்கம் நேராகக் குளம். நடந்தே இரண்டு இடத்தில் நான் கையை ஊன்றி இறங்கியிருந்தேன். இவன் இந்த இடத்தில் விழுவான், பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

அவன் வந்தான். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே சீட்டை விட்டு எழுந்து உடம்பைப் பின்னால் கேரியருக்கு மேலே தள்ளிக்கொண்டான். முன் பிரேக்கைத் தொடவில்லை. பின் சக்கரத்தை மட்டும் இழுத்துப் பிடித்து விட்டு விட்டு இறங்கினான். இரண்டு வேர்களுக்கு நடுவே நாலு விரல் இடம். சக்கரம் அதில் போனது. கீழே வந்த வேகத்திலேயே எதிர் ஏற்றத்தில் நின்று மிதித்து என்னைத் தாண்டும்போது, "அண்ணாச்சி, உங்க கால்ல அட்டை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஒரு நிமிஷம் அவன் மேல் இருந்த இளக்காரம் எனக்கு எங்கோ போய்விட்டது. மறு நிமிஷம் வந்துவிட்டது. என் கணுக்காலில் உண்மையாகவே அட்டை இருந்தது.

மூன்று இடத்தில் இறங்கித் தள்ளியதாக அவனே ரேஞ்சரிடம் சொன்னான். ஓர் இடத்தில் சாஸ்தா பீடம், சாமிக்கு மரியாதை. ஓர் இடத்தில் பாறை. ஓர் இடத்தில் ஓடைப் பள்ளம். "சாமிக்கு இறங்கினது தப்பில்லை" என்று ரேஞ்சர் தீர்ப்புச் சொன்னார். வேலை கிடைத்தது. காக்கி அரைக்கால் சட்டை, ஒரு விசில், ஒரு சைக்கிள்.

பேச்சித்தாய் ஐந்தருவியில் சீசனுக்கு அவித்த கடலை விற்றாள். வாடகைக்கு ஓர் அறை பிடித்துக்கொண்டார்கள். கைக்குழந்தையாக நான் பார்த்த பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அந்தப் பிள்ளை ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் முழுசாக இருந்தது அதுதான் முதல் தடவை என்று பேச்சித்தாய் எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். மாதம் ஒரு தடவையாவது ஆபீஸ் வாசலில் வந்து நிற்பாள்.

"அவுகளைப் பெர்மனென்ட் பண்ணிருவாகளா அண்ணாச்சி?"

"பண்ணும்போது பண்ணுவாவ. போ."

"திரும்பவும் பொட்டல்ல போயி அடுப்புக் கூட்டச் சொல்லிராதீங்க."

நான் என்னவோ கையெழுத்துப் போடுகிறவன் மாதிரி. ஆனாலும் அவள் அப்படி நினைப்பது எனக்குப் பிடித்திருந்தது.

தினமும் காலை ஏழு மணிக்குக் கடற்கரை மடைப் பக்கம் ஆரம்பித்து, குளத்தை வலப்பக்கம் வைத்துக்கொண்டு சுற்றி, எட்டரைக்குக் கரையின் மறுமுனையில் உபரித் தண்ணீர் வழிகிற மறுகால் பக்கம் வந்து சேருவான். சாயங்காலமும் அப்படியே. ரோந்து நோட்டில் தினமும் ஒரே வரி. அதைப் பெரிய ரிஜிஸ்தரில் பார்த்து எழுதுகிறவன் நான். "மடையில் தொடங்கி மறுகாலில் முடிந்தது. குறிப்பிடும்படி ஒன்றுமில்லை." இப்படி நூற்றுக்கணக்கான தடவை எழுதியிருக்கிறேன்.

எண்பத்தொன்றில் ஒருநாள் தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து முக்கில் நின்றுகொண்டிருந்தேன். கடற்கரை சைக்கிளில் வந்தான். இடப்பக்கத் தெருவில் போக வேண்டியவன், முக்கின் நடுவில் வலப்பக்கமாக ஒரு முக்கால் வட்டம் அடித்து, ஒரு லாரியை நிறுத்தி, ஒரு காய்கறி வண்டிக்காரனிடம் ஏச்சு வாங்கி, அந்தத் தெருவுக்குள் போனான். பைத்தியக்காரன் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே செய்தான். மூன்றாம் நாள் எனக்கு விளங்கிவிட்டது. ஆபீசில் வைத்துக் கேட்டேன்.

"ஏலே, உனக்கு இடப்பக்கம் திரும்ப வராதால?"

கதவைப் பார்த்தான்.

"சத்தமாச் சொல்லாதீங்க அண்ணாச்சி. பதினெட்டு வருசம் ஒரே பக்கமாச் சுத்தினேன்லா. உடம்பு அங்கனயே சாயுது. இடப்பக்கம் திருப்பினா ஆரோ கீழ நின்னு இழுக்குத மாதிரி இருக்கு. விழுந்துருதேன்."

"அப்ப சாஸ்தா பீடம், பாறை, ஓடை எல்லாம்?"

"அந்த மூணும் இடப்பக்க வளைவு."

எப்பேர்ப்பட்ட ரோந்துக்காரன் பாருங்கள். அந்தக் காட்டில் இடப்பக்கம் வளைகிற இடம் மூன்றே மூன்று இருந்ததால் அரசாங்கச் சம்பளம் வாங்கியவன். நான் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மனசால் இல்லை. இதை நினைத்து நினைத்துச் சிரிக்க எனக்குப் பிடித்திருந்தது, தனியாக வைத்துத் தின்கிற பலகாரம் மாதிரி. ரேஞ்சர் அவனை வாயாரப் புகழும்போதெல்லாம் ஒரு விள்ளல் பிட்டுப் போட்டுக்கொள்வேன்.

நான் எதை நினைத்துச் சிரித்தேனோ அதை மரம் வெட்டுகிறவர்களும் வேறு விதமாகக் கண்டுபிடித்திருந்தார்கள். வாச்சர் எப்போதும் ஒரே பக்கமிருந்து வருகிறான், தாண்டிப் போனால் சாயங்காலம் வரை திரும்ப மாட்டான். இது தெரிந்தால் போதாதா? அவன் முதுகுக்குப் பின்னால் சாவகாசமாக வெட்டினார்கள். எண்பத்துமூன்று, எண்பத்துநாலில் சாஸ்தா பீடத்துக்கு அந்தப் பக்கம் பதினேழு வேங்கை மரம் போயிற்று. அடிமரம் மட்டும் நின்றது. அதையும் சருகு போட்டு மூடியிருந்தார்கள். சைக்கிளில் போகிறவன் கண் பாதையில்தான் இருக்கும். ஆக, காட்டைக் காப்பதற்காகச் சைக்கிள் வந்தது, சைக்கிள் வந்ததால் மரம் போயிற்று. பெரிய ஆபீசரின் பத்திரிகையில் இந்தப் பகுதியைப் போட்டிருக்க மாட்டார்கள்.

விறகுக்குப் போன பெண்கள் சொல்லித்தான் வெளியே வந்தது. பெரிய ஆபீசர் நேரில் வருகிறார் என்று தகவல் வந்ததும் ரேஞ்சர் பால்வண்ணநாதன் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே ராத்திரியில் முடிவுக்கு வந்துவிட்டார். கடற்கரை திருடர்களுக்கு உடந்தை. இல்லாவிட்டால் நாலு வருஷத்தில் ஒரு நாளாவது எதிர்ப்பக்கமாகப் போயிருக்க மாட்டானா?

ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் கடற்கரை என் மேஜைக்கு வந்தான்.

"என்னலே, நாளைக்கு என்ன சொல்லப் போற? உள்ளதைச் சொன்னாத் தப்பிச்சுக்கிடலாம். உன் பெர்மனென்ட் பைலும் பெரிய ஆபீசர் மேசையிலதான் இருக்கு" என்றேன்.

"அதைச் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி."

"சொல்லாட்டி உன்னைத் திருடன்னு எழுதுவாவ."

"எழுதட்டும். திருடன்னு எழுதுங்க. ஓட்டத் தெரியாதவன்னு மட்டும் எழுதிராதீங்க." "எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுல்லா. தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

இதைவிட மடத்தனமான பேச்சை நான் என் சர்வீசில் கேட்டதில்லை. பெண்டாட்டி கடலை விற்கிறாள், மகள் நாலாம் வகுப்புப் படிக்கிறாள், இவனுக்குச் சைக்கிள்காரன் என்ற பேர் வேண்டுமாம். பதினோரு பஞ்சாயத்துத் தலைவர்கள் கொடுத்த பேர். இருந்தாலும், "சரி, நான் சொல்லலை" என்றேன். வாக்குக் கொடுத்தேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

பெரிய ஆபீசர் மறுநாள் கல்லடிக்குளத்துக் கரைக்கு ஜீப்பில் வந்தார். தொப்பி, பூண் போட்ட கைத்தடி, பாதி இங்கிலீஷ். கரையில் மேஜை போட்டு ரிஜிஸ்தரைத் திறந்து வைத்திருந்தேன். ரேஞ்சர், நாலு வாச்சர்கள், டீக்கடைக்காரர், வேடிக்கை பார்க்க வந்த இருபது பேர்.

"நாலு வருஷம். ஒரு நாள்கூட ரிவர்ஸ்ல போகலை. ஒய்?" என்றார் ஆபீசர்.

கடற்கரை சைக்கிள் சீட்டில் ஒட்டியிருந்த சருகைத் துடைத்தான்.

"மரம் வெட்டினவன்கிட்ட என்ன வாங்கினே?"

"ஒண்ணும் வாங்கலைய்யா."

"அப்போ ஏன் போகலை?"

குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆபீசர் என் பக்கம் திரும்பி, "எழுதுங்க. மேற்படி நபர் மரத் திருடர்களுக்கு உடந்தையாக" என்று சொல்லச் சொல்ல எழுதினேன். "உடந்தையாக" வரை எழுதியாயிற்று. காகிதத்திலிருந்து பேனாவை எடுத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"சார், அவனுக்கு இடப்பக்கம் திருப்பத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம்" என்றேன்.

அவன் பிழைப்பைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். ஆபீசில் அதற்காக என்னைப் பாராட்டவும் செய்தார்கள். உண்மை அதில்லை. மூன்று வருஷம் தனியாகத் தின்றது போதும் என்று ஆகிவிட்டது. நாலு பேர் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்று இருந்தது.

ஆபீசர் முதலில் நம்பவில்லை. "அப்படின்னா ரிவர்ஸ்ல ஓட்டிக் காட்டட்டும்" என்றார்.

இப்போது அவன் நிலையை யோசித்துப் பாருங்கள். எதிர்ச் சுற்று ஓட்டிக் காட்டினால் திருடன், வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம். விழுந்தால் நிரபராதி. விழுவதைப்போல் சுலபமான வேலை உலகத்தில் உண்டா? மறுகால் பக்கம் போய், குளம் இடப்பக்கம் இருக்கும்படி சைக்கிளைத் திருப்பி ஏறினான். கரை முடிந்து பாதை காட்டுக்குள் இடப்பக்கமாக வளைகிற இடம் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. அங்கே போனதும் கைப்பிடி நடுங்கியது. உடம்பு வலப்பக்கமாகவே சாய்ந்தது. முட்புதருக்குள் போய் விழுந்தான்.

போதும். அதோடு எழுந்து வந்திருக்கலாம். அவன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே போனான். மறுபடி ஏறினான். மறுபடி விழுந்தான். மூன்றாம் தடவை முழங்கை கிழிந்தது. "இனாஃப், இனாஃப்" என்றார் ஆபீசர்.

"இன்னும் ஒரே ஒரு தடவைய்யா" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவன் விழுவதற்காக ஏறவில்லை. ஓட்டிவிட வேண்டும் என்று ஏறுகிறான். வேலை, பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் போனாலும் போகட்டும் என்று, திருடன் ஆவதற்காக உயிரைக் கொடுத்து மிதிக்கிறான்.

நாலாம் தடவை வளைவில் பாதி வரை வந்துவிட்டான். பயந்து போய் இடப்பக்கம் அளவுக்கு மேல் சாய்த்துவிட்டான் போலிருக்கிறது. சைக்கிளோடு குளத்துக்குள் போனான். இடுப்பளவு தண்ணீரில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். ஆபீசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்தால் ரேஞ்சர் சிரிக்க வேண்டும், ரேஞ்சர் சிரித்தால் வாச்சர்கள். ஆரம்பித்தவன் நான்.

"உடந்தையாக" என்ற சொல்லை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். "மேற்படி நபருக்கு மிதிவண்டியை இடப்புறம் திருப்பும் திறமை இல்லை என்பது நேரில் கண்டறியப்பட்டது. எனவே திருட்டில் அவருக்குப் பங்கில்லை." சட்டப்படி அவன் கையெழுத்தும் வேண்டும். ஈரக் கையோடு வந்தான். வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டு, "மேற்கண்டவை உண்மை" என்பதற்குக் கீழே எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டான். காகிதத்தில் கொஞ்சம் குளத்துத் தண்ணீர் சொட்டியது. ஒற்றுத்தாள் வைத்து எடுத்தேன்.

ஆபீசருக்கு அந்தச் சிரிப்பு ஒரு மாதம் வரை நின்றது போல. பெர்மனென்ட் உத்தரவு அடுத்த தபாலிலேயே வந்தது. சைக்கிள் ரோந்தும் ரத்தானது. இனி நடந்து போனால் போதும். சைக்கிளை ஆபீஸ் பின்கட்டில் போட்டோம். பேச்சித்தாய் ஒரு கூடை மங்குஸ்தான் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "எங்க குடும்பத்தைக் காப்பாத்தினீங்க" என்று அழுதாள். கூடையை வாங்கிக்கொண்டேன். பழம் நன்றாகவே இருந்தது.

ஊரில் அவனுக்கு வலத்தான் என்று பேர் வைத்துவிட்டார்கள். உழவில் வலப்பக்கம் கட்டுகிற மாட்டுக்குச் சொல்கிற பேர். டீக்கடையில் அவன் நுழைந்தால், "வலத்தான் வாரான், வழி விடுங்கலே, நேராப் போயிருவான்" என்பார்கள். சீசனுக்கு வருகிற ஊர்பேர் தெரியாதவர்களுக்குக்கூடக் கைகாட்டிச் சொன்னார்கள். அவன் தன் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவான். காக்கியைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி நடந்துவிட்டு வந்தான்.

எண்பத்தைந்து சித்திரையில் குளம் வற்றியது. பேச்சித்தாய் ஒருநாள் ஆபீஸ் வாசலில் நின்றாள். இந்தத் தடவை பெர்மனென்டைப் பற்றி இல்லை.

"வாடகைச் சைக்கிளை எடுத்துக்கிட்டு விடியக்காலம் குளத்துக்குள்ள போயிருதாவ அண்ணாச்சி. காஞ்ச தரையில இடப்பக்கமாவே சுத்துதாவ. சாவு வீட்டுச் சுத்துல்லா அது? எனக்குப் பயமா இருக்கு. நீங்க சொன்னாக் கேப்பாவ."

"வலத்தான் இடத்தான் ஆகப் பாக்கானா? விடு, ரெண்டு பல்லு போனாத் தன்னால நிப்பான்" என்றேன்.

ஒரு பல் போயிற்று. நிற்கவில்லை. குளத்தில் தண்ணீர் ஏறியதும் பாதைக்குப் போனான். மேலும் மூன்று மாதம். ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆபீஸ் முடிகிற நேரத்தில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். இரண்டு முழங்காலிலும் காய்ந்த பொருக்கு.

"அண்ணாச்சி, வாற ஞாயித்துக்கிழமை காலம்பற ஏழு மணிக்குக் குளத்துக்கு வாங்க. எதிர்ச்சுத்து சுத்திக் காட்டுதேன். நாலு மைலும். ஒரு இடத்துலயும் கால் ஊன்ற மாட்டேன், சாஸ்தா பீடத்துலகூட. பாத்துட்டு அந்தப் பைல்ல ஒரு வரி எழுதிப் போடுங்க."

"மடையா. அந்த வரிதாம்ல உனக்குச் சோறு போடுது. உனக்குத் திரும்பத் தெரியும்னு நான் எழுதினா மரத் திருட்டுக் கேஸ் திரும்ப எந்திரிக்கும். மகள் படிக்கணுமா வேண்டாமா?"

அவன் இதை யோசித்திருக்கவில்லை.

"அப்ப எழுத வேண்டாம். நீங்க வந்து பாத்தாப் போதும். எழுதினது நீங்கதான?"

"சரிலே, வாரேன்" என்றேன்.

போகவில்லை. அன்று மழை இல்லை, எனக்குக் காய்ச்சல் இல்லை, வேலை ஒன்றும் இல்லை. தோசை தின்றுவிட்டுப் பேப்பர் படித்தேன். ஒரு வாச்சர் சைக்கிள் விடுவதைப் பார்க்கக் கிளார்க் போய்க் கரையில் நிற்பதாவது என்று இருந்தது. அது மட்டும்கூட இல்லை. அவன் ஓட்டிவிடுவான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஏழு மணிக்கு ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறான். நான் வரவில்லை என்று எட்டரைக்கு ஒன்று. பத்து மணிக்கு இன்னொன்று. பேச்சித்தாய் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். பன்னிரண்டு மணிக்கு, "அவுக வர மாட்டாவ, வாங்க" என்று அவள்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இதை அவளே என்னிடம் சொன்னாள், அழாமல். கடற்கரை திங்கட்கிழமை ரோந்து நோட்டைக் கொண்டுவந்து வழக்கம்போல் மேஜையில் வைத்தான். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. நான் அந்த வரியைப் பார்த்து ரிஜிஸ்தரில் எழுதினேன்.

நான் ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. அவன் இன்னும் அந்தக் காட்டில் நடந்துகொண்டுதான் இருக்கிறான். அவனுக்கு இடப்பக்கம் திருப்பும் திறமை இல்லை என்று என் கையெழுத்தில் ஒரு பைல் இருக்கிறது. அந்தத் திறமை அவனுக்கு உண்டு என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை. இங்கேயாவது எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் கண்ணால் கண்டதாக நான் எழுத முடியாது. நான் பார்க்கவில்லை.